வயல் வேலையில் உடம்பைக் காக்கும் முறை

பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால் திருநெல்வேலி மாவட்டத்தின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கமெல்லாம் காலை முதல் தொளிக்குள், அதாவது உழுத சேற்றுக்குள், குனிந்தபடியே வேலை நடக்கிறது. இரவில் இடுப்புக்குத் தைலம் தேய்ப்பது வழக்கம். தைலம் வலியைச் சற்று மறக்கச் செய்யுமே தவிர, வலியின் காரணத்தை மாற்றாது. முழங்காலை விறைப்பாக நிறுத்தி இடுப்பை மட்டும் மடக்கும்போது, மேலுடம்பின் பாரம் முழுவதும் கீழ்முதுகின் தசைகள் மீதும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் மீதும் விழுகிறது. ஆகவே மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பைத்தான். அதை முந்தைய நாளே யோசிக்க வேண்டியவர்கள் வயல்காரரும் ஆள் கூட்டி வருபவரும்.

நடும்போது முழங்காலைச் சிறிது மடக்கி, நாற்றைப் பிடித்திருக்கும் கையின் முழங்கையை அந்தப் பக்கத்துத் தொடையில் ஊன்றிக்கொண்டால் முதுகின் சுமை குறையும். அனுபவமுள்ள பெண்கள் பலர் யாரும் சொல்லாமலே இப்படித்தான் நடுகிறார்கள். கையிலுள்ள நாற்றுமுடி (நாற்றுக் கட்டு) தீரும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்து இரண்டு மூன்று முறை மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். மதியம் ஒரேயடியாக ஓய்வெடுப்பதைவிட இந்தச் சிறு நிமிர்வுகளே அதிகம் உதவும். நாற்றுமுடிகளை முன்கூட்டியே வயலில் பரவலாக வீசி வைத்தால், திரும்பித் திரும்பி எடுக்க உடம்பை முறுக்க வேண்டியிராது. நாற்றுப் பறிப்பவர்களும் நடுபவர்களும் பாதி நாளில் மாறிக்கொள்வது நல்லது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசும் இடங்களில் யாரும் நிமிர்வதே இல்லை என்பதால், அங்கே ஓய்வையும் பேச்சிலேயே சேர்த்துவிட வேண்டும். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டிருந்தால், களையைக் கோனோவீடர் என்னும் களைக்கருவியைத் தள்ளி நின்றபடியே எடுக்கலாம். அதன் கைப்பிடி தள்ளுபவரின் இடுப்புக்குச் சற்று மேலே இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

களக்காட்டு வாழைத் தோட்டங்களில் சிக்கல் குனிவதில் இல்லை, சுமையில் இருக்கிறது. தாரைத் தூக்கும்போது குந்தி உட்கார்ந்து, தாரை நெஞ்சோடு அணைத்து, காலின் பலத்தால் எழ வேண்டும். தூக்கிய பிறகு இடுப்பைத் திருப்பாமல் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். தலையில் ஏற்றும்போது மற்றொருவர் கை கொடுக்க வேண்டும், சும்மாடு இல்லாமல் ஏற்றக் கூடாது. விழுந்து அடிபடுவது பெரும்பாலும் நடைபாதையில்தான். வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பனந்தடி மழையில் வழுக்கும். இரண்டு மூன்று தடிகளைச் சேர்த்துக் கட்டி மேலே மண் போட்டுவிட்டுச் சுமையை எடுக்கலாம். அரை மணி நேர வேலைதான், ஆனால் லாரி வந்து நின்ற பிறகு அதற்கு ஒருவருக்கும் மனம் வராது.

மருந்து அடிப்பதற்கு இதைவிடக் கவனம் வேண்டும். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் தண்ணீரின் எடை மட்டுமே 16 கிலோ. முக்கால் அளவே நிரப்பினால் தோளுக்கு நல்லது. டப்பாவிலுள்ள முக்கோணத்தில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும் குறிக்கும். நீலமும் பச்சையும் ஒன்றைவிட ஒன்று குறைந்தவை, ஆனாலும் நஞ்சே. கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றோடு, குச்சியால்தான் கலக்க வேண்டும். தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டால் அதை வாயால் ஊதக் கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசுவதால் காற்று எழுமுன் அதிகாலையிலேயே அடித்து முடிக்க வேண்டும். காற்றுக்குக் குறுக்காக நடந்து, காற்று போய்ச்சேரும் ஓரத்தில் தொடங்கி, வரிசை வரிசையாகக் காற்று வரும் பக்கம் நகர்ந்தால், அடித்த மருந்துக்குள் மறுபடி நுழைய நேராது. ஊரே குளிக்கும் வாய்க்காலில் டேங்கைக் கழுவக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலையோ பீடியோ தொடக் கூடாது. எச்சில் மிகுதியாக ஊறுதல், வியர்த்துக்கொட்டுதல், கண் மங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடையைக் களைந்து உடம்பைக் கழுவி, 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

பாம்பு கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். சேற்றுப்புண்ணோ வெட்டுக்காயமோ உள்ள காலோடு தொளியில் இறங்கினால், அந்தப் புண் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி நுழையலாம். நடவுக்குப் பின் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கி வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

வெயிலில் தாகம் வருமுன்பே, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் அளவில் தண்ணீர் குடிக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் பெண்கள் குடிப்பதில்லை. சிறுநீர் கழிக்க மறைவிடம் இல்லாததே காரணம். எனவே குடத்தில் தண்ணீர் வைக்கும் வயல்காரர், வரப்போரம் நான்கு கம்பு நட்டு ஓலைத் தட்டியால் ஒரு மறைப்பும் கட்டிக் கொடுத்துவிட்டு ஆட்களை வயலில் இறக்க வேண்டும்.