ஃபர்னஸ் மோட்டாரை மாற்றும் முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் குளிர் தொடங்கியதும் எல்லோரும் கேஸ் பில்லைப் பற்றித்தான் புலம்புவோம். ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) சூடாக்குவது கேஸில்தான். ஆனால் அந்தச் சூட்டை வீடு முழுக்கத் தள்ளும் புளோவர் மோட்டார் ஓடுவது கரண்டில். கோடையில் ஏசிக் காற்றைத் தள்ளுவதும் அதே மோட்டார். ஹைட்ரோ பில்லில் (இங்கே கரண்ட் பில்லுக்கு அதுதான் பெயர்) அதன் பங்கு எவ்வளவு, மோட்டாரை மாற்றினால் ஏதாவது மிஞ்சுமா என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

படி 1: ஃபேன் சுவிட்ச்

தெர்மோஸ்டாட்டில் (வீட்டின் வெப்பநிலையை அமைக்கும் சுவர்ப் பெட்டி) ஃபேனுக்கு ஆட்டோ, ஆன் என்று இரண்டு நிலை இருக்கும். ஆட்டோவில் சூடோ குளிரோ தேவைப்படும்போது மட்டும் மோட்டார் ஓடும். ஆனில் 24 மணி நேரமும் ஓடும். எங்கள் வீட்டில் மாடி அறை குளிர்கிறது என்று யாரோ ஆனில் போட்டு, இரண்டு குளிர்காலம் அப்படியே கிடந்தது. யாரோ என்ன, நான்தான்.

படி 2: எந்த மோட்டார்?

ஃபர்னஸ் சுவிட்சை அணைத்து, பிரேக்கரையும் இறக்கிவிட்டு, புளோவர் பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மோட்டாரோடு சின்ன உலோக டப்பா போல ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) இணைந்திருந்தால் அது பழைய பி.எஸ்.சி. வகை. அதைத் தொட வேண்டாம், கரண்டை நிறுத்திய பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும். கெப்பாசிட்டர் இல்லாமல், மோட்டாரின் பின்புறம் எலெக்ட்ரானிக் பெட்டியும் பல பின் உள்ள பிளக்கும் இருந்தால் இ.சி.எம்., அதாவது எலெக்ட்ரானிக் முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிக்கன மோட்டார். அப்படியென்றால் மாற்ற எதுவும் இல்லை, மூடியை மாட்டிவிடுங்கள். அமெரிக்காவில் 2019 ஜூலை முதல் தயாராகும் ஃபர்னஸ்களின் விசிறிக்கு மின்சிக்கன விதி வந்துவிட்டதால், புதியவற்றில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது மெதுவாக ஓடும்போதுதான். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதற்குத் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். அந்த லாபத்தில் பெரும்பகுதி இ.சி.எம்.முக்குக் கிடைக்கும். பி.எஸ்.சி. வேகம் குறைந்தால் திறனும் குறைந்து, மீதிக் கரண்டை வெறும் சூடாக்கிவிடும்.

படி 3: அளந்து பாருங்கள்

ஃபர்னஸ் பெரும்பாலும் சுவர் வயரிங்கோடு நேராக இணைந்திருக்கும், அதனால் பிளக்கில் மாட்டும் மீட்டர் உதவாது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து வோல்ட்டால் பெருக்கினாலும் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். எளிய வழி, ஸ்மார்ட் மீட்டர். சூடும் ஏசியும் தேவைப்படாத மே மாதத்தில் ஓரிரவு ஃபேனை ஆனிலும், மறு இரவு ஆட்டோவிலும் விடுங்கள். மின் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் நள்ளிரவு 2 முதல் 5 மணி வரை மணிவாரிக் கணக்கைப் பார்த்தால், இரண்டு இரவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மோட்டார்.

படி 4: கணக்கு

யூனிட் 15 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய மோட்டார் ஆனில் 400 வாட் இழுத்தால், வருடத்தின் 8,760 மணிக்கு 3,504 யூனிட், சுமார் 525 டாலர். இ.சி.எம். அதே வேலையை 80 வாட்டில் செய்தால் 105 டாலர். மிச்சம் 420.

இப்போது ஆட்டோ. சூடோ ஏசியோ தள்ளும்போது மோட்டார் வேகமாக ஓடுவதால் வாட் கூடும். வருடத்துக்கு 1,500 மணி ஓடுகிறது, பழையது 500 வாட், புதியது 300 என்றால் மிச்சம் 300 யூனிட், வெறும் 45 டாலர்!

அதாவது ஆனில் கிடக்கும் பழைய மோட்டாரை ஆட்டோவுக்கு மாற்றினாலே, பைசா செலவில்லாமல் அந்த 420 டாலர் அளவுக்கு மிஞ்சும். ஒவ்வாமைக்காகவோ மாடிக்கும் பேஸ்மென்டுக்கும் வெப்பம் சமமாக இருக்கவோ காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் புதிய மோட்டார் உண்மையான லாபம்.

படி 5: கழிக்க வேண்டியது

பழைய மோட்டார் வீணாக்கும் கரண்ட் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடாகத்தான் வருகிறது. அது குறைந்தால் ஃபர்னஸ் கொஞ்சம் கூடுதல் கேஸ் எரிக்கும். ஒட்டாவாவில் கனடிய வீட்டுத் தொழில்நுட்ப மையம் ஒரே மாதிரி கட்டிய தன் இரட்டை வீடுகளில் சோதித்தபோதும் கரண்ட் குறைந்தது, கேஸ் சற்று ஏறியது. இங்கே கரண்டைவிடக் கேஸ் மலிவு என்பதால் லாபம் முழுதாகப் போய்விடாது. கோடையில் நிலைமை தலைகீழ்: அந்தச் சூட்டை வெளியேற்றும் வேலை ஏசிக்குக் குறைகிறது.

அப்புறம் ஃபில்டர். அழுக்கு ஏறினால் பழைய மோட்டாரில் காற்றுதான் குறையும். காற்றளவை விடாமல் பிடிக்கும் இ.சி.எம்.மோ இன்னும் வேகமாக ஓடி வாட்டை ஏற்றிவிடும்.

கொட்டேஷன் வாங்கும்போது கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். மொத்தம் 900 டாலர் என்றால், ஆனில் ஓட்டுபவருக்கு இரண்டு வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும். ஆட்டோ ஆளுக்கு 20 வருடம், அதற்குள் ஃபர்னஸே போய்விடும்.