பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுமுன்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழைய லேப்டாப்புகள் பலவற்றில் இல்லை. அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். பிரவுசர், யூடியூப், நாலு கடிதம் டைப் செய்வது, இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். 4 ஜிபி ரேமிலேயே ஓடும்.

ஆனால் உடனே நிறுவிவிடாதீர்கள். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும். வைஃபை, சத்தம், முக்கியமாக பிரின்டர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். மக்கர் பண்ணுவது பெரும்பாலும் பிரின்டர்தான். டேலியில் கணக்கு எழுதுபவர் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. அப்புறம், ஏற்றும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோக்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.