ராஜா நடுக்கட்டத்துக்குப் போனால் பதறாதீர்கள்: தேசிய செஸ் ஆட்டங்களை லைவில் பார்ப்பவர்களுக்கு

தேசிய சீனியர் செஸ் சாம்பியன்ஷிப் நடக்கும் பதினோரு சுற்றுகளிலும் என் மொபைலில் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை வருடம் பார்த்தும் சறுக்கிய இடங்கள் நிறைய.

அதில் முதலாவது, போர்டுக்குப் பக்கத்தில் நின்று யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டை. அதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி படிக்கிறோம். வெள்ளைக்கு +3 (மூன்று சிப்பாய் அளவு முன்னிலை) என்று வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று நினைப்பு. அந்தக் கணிப்பைப் போடும் செஸ் புரோகிராமான எஞ்சின் சொல்வது வேறு: இனி பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள் பிசகாமல் ஆடினால்தான் அந்த +3. அதில் இரண்டாவது நகர்த்தலே யானையைச் சும்மா தூக்கிக் கொடுப்பதாக இருக்கலாம். ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பட்டை கிடையாது, கடிகாரத்தில் நாற்பது வினாடிதான் மிச்சம். பட்டை சட்டென்று சரிந்ததும் "இதுகூடத் தெரியலையா?" என்று குரூப்பில் தட்டுகிறோமே, பட்டையை மூடிவிட்டால் நமக்கும் தெரிந்திருக்காது. நான் இப்போது அதை மறைத்து வைத்துவிட்டு, அடுத்து என்ன ஆடுவேன் என்று கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் திறக்கிறேன். பாதி நாள் என் நகர்த்தல் படுமோசம். ஆனால் ஆட்டம் புரிகிறது.

பட்டையைவிடக் கடிகாரம் அதிகம் பேசும். நீண்ட நேர ஆட்டங்களில் பரவலாக இருக்கும் கணக்கு இது: முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடம், மீதி ஆட்டத்துக்கு 30 நிமிடம், தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதல். அதனால் முதல் 90 நிமிடம் தீர்ந்துகொண்டிருக்கும் 32இலிருந்து 40வது நகர்த்தல் வரை எழுந்து காபி போடப் போகாதீர்கள். நல்ல நிலையில் இருந்தவர் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது ராஜா சமாசாரம். ஒரு முறை டிரா ஆகப்போகிற ஆட்டத்தில் வெள்ளை ராஜா திடீரென்று இ4 கட்டத்துக்கு வந்தது, பட்டை ஒரேயடியாகக் கறுப்புப் பக்கம் விழுந்தது. "போச்சு, கடைசி நேரத்தில் கோட்டை விட்டுட்டார்" என்று நண்பர்களுக்கு அறிவித்தும்விட்டேன். உண்மையில் இருவரும் கைகுலுக்கி டிரா செய்திருந்தார்கள். சென்சார் உள்ள எலெக்ட்ரானிக் போர்டில் ஆட்டம் முடிந்ததும் முடிவைக் காட்ட ராஜாக்களை நடுவில் வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டங்களில் (இ4, டி5) இருந்தால் வெள்ளைக்கு வெற்றி. கறுப்புக் கட்டங்களில் (டி4, இ5) இருந்தால் கறுப்புக்கு. நிறத்துக்கு ஒன்றாக இருந்தால் டிரா. ராஜா பக்கத்துக் கட்டத்திலேயே நின்றிருந்தால், அப்படி வைப்பதையும் சிஸ்டம் ஒரு நகர்த்தலாக எடுத்துக்கொள்வது உண்டு. கடைசி நகர்த்தல் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தால், முடிவு வரும்வரை பொறுத்திருங்கள்.

லைவ் என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். வெளியிலிருந்து யாரும் உதவி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகப் பல போட்டிகளில் நகர்த்தல்களைச் சில நிமிடம் தாமதித்தே விடுகிறார்கள். நீங்கள் நகம் கடிக்கும் நேரத்தில் அவர் வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். ஹாலுக்கே நேரில் போகிறவர்கள் மொபைலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முயல வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, திரையில் வருவது மேல் போர்டுகள் மட்டுமே. நூற்றுக்கணக்கானோர் ஆடும் ஸ்விஸ் முறைப் போட்டியில் (யாரும் வெளியேறாமல், சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய சமப் புள்ளி உள்ளவர்கள் மோதுவது) உங்கள் ஊர்ப் பையன் எழுபதாவது போர்டில் இருந்தால், சுற்று முடிந்து முடிவுப் பட்டியல் வரும்போதுதான் தெரியும். திரையில் காணோமே, வரவில்லையோ என்று அவன் அப்பாவுக்கு போன் போடாதீர்கள்.

கடைசிச் சுற்றில் நடப்பது தனி ரகம். அரைப் புள்ளி முன்னால் இருப்பவர் இருபது நகர்த்தலில் டிரா செய்தால் உடனே "செட்டிங்" என்று கிளம்பிவிடுகிறோம். அந்த டிராவிலேயே குறைந்தது சமப் புள்ளியில் முதலிடம் அவருக்கு உறுதி, அவ்வளவே. அவசரப்பட்டு வாழ்த்தவும் கூடாது. 2024இல் குருகிராமில் கார்த்திக் வெங்கட்ராமன், சூர்ய சேகர் கங்குலி, நீலாஷ் சாஹா மூவரும் சமப் புள்ளியில் முடித்தார்கள். சமப் புள்ளிக்காரர்களை வரிசைப்படுத்தும் டைபிரேக்கில்தான் பட்டம் கார்த்திக்குக்குப் போனது. டைபிரேக்குகளில் அதிகம் காதில் விழும் புக்ஹோல்ஸ் என்பது நீங்கள் மோதியவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டல். அதாவது முதல் போர்டுகள் காலியான பிறகும், மூன்றாவது சுற்றில் முன்னணியில் இருப்பவரிடம் தோற்ற யாரோ ஒருவர் முப்பதாவது போர்டில் ஒரு சிப்பாயை ராணியாக்கப் போராடிக்கொண்டிருப்பார். அந்த ஆட்டம் முடியும்வரை வாழ்த்துப் படத்தை அனுப்பாமல் வைத்திருங்கள்.