மட்சோலாவின் கணக்கைச் சரியாகப் படிப்பது எப்படி?

கால்பந்து வீரர் வாலெந்தினோ மட்சோலா இத்தாலிக்கு 12 ஆட்டம்தான் ஆடினார், 4 கோல்தான் அடித்தார் என்று பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா?' என்று மூடிவிடாதீர்கள். முதலில் பக்கத்தில் போர்க்கால வருடங்களை எழுதிக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரலுக்குப் பிறகு 1945 நவம்பர் வரை இத்தாலி அணி ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1942, 1946 உலகக் கோப்பைகளும் நடக்கவே இல்லை. அவர் பிறந்தது 1919இல், அப்படியானால் அவருடைய நல்ல வயதில் எவ்வளவு போனது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் கிளப் பக்கம் வாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. வெனிசியாவோடு 1941இல் இத்தாலியக் கோப்பை, 1942இல் டொரினோவுக்கு மாற்றம், அங்கே ஐந்து லீக் பட்டங்கள். பட்டங்களை எண்ணும்போது 1943க்கு அடுத்தது 1946 என்று வரும். பதறவேண்டாம், இடையில் வழக்கமான லீக் இல்லை. 1946-47இல் 29 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம், அதுவும் வெறும் முன்வரிசை ஆளாக நிற்காமல் பின்னால் இறங்கிப் பந்தைப் பறித்துக்கொண்டு வந்தவர்.

எண்ணில் வராத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டொரினோவின் சொந்த மைதானமான பிலடெல்பியாவில் ஆட்டம் மந்தமானால் ரசிகர் ஒருவர் எக்காளம் ஊதுவார், மட்சோலா சட்டைக் கையை மடித்துவிடுவார், அடுத்த கால் மணி நேரம் எதிரணி பாடு திண்டாட்டம்தான்.

கடைசி வரி 1949 மே 4. லிஸ்பனில் பென்ஃபிகாவோடு ஆடிவிட்டு டொரினோ அணி திரும்பிய விமானம் டூரின் நகருக்கு அருகே சூப்பர்கா குன்றில் மோதியது. அதில் இருந்த 31 பேரும் இறந்தார்கள். மட்சோலாவுக்கு வயது 30.