முதல் கவிதைத் தொகுப்பு: அச்சுக்குப் போகும் முன் நடக்கும் தவறுகள்

சேலம் மாவட்டத்தில் அஸ்தம்பட்டி, ஆத்தூர், ஏற்காடு என்று பல பக்கத்திலிருந்தும் முதல் தொகுப்போடு சிறு பதிப்பகத்தின் படியேறுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் புதியவர்கள். தவறுகள் மட்டும் பழையவை. இன்று பதிப்பாளராக இருப்பவர்களே தங்கள் முதல் புத்தகத்தில் செய்து, பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்த அதே தவறுகள். எழுத்துப்பிழை பாருங்கள், கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

பக்கக் கணக்கு இல்லாமல் கவிதை சேர்ப்பது

கவிதைப் புத்தகம் பெரும்பாலும் டெம்மி 1/8 அளவில், ஏறக்குறைய 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரத்தில் வருகிறது. அச்சகக் கணக்கில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 80 பக்கம் என்றால் 5 ஃபாரம், 96 என்றால் 6. அரை ஃபாரம் சேர்த்து 88 பக்கமும் போடலாம். 82 பக்கம் மட்டும் போட முடியாது. கடைசி நேரத்தில் நுழைக்கும் ஒரு இரண்டு பக்கக் கவிதைக்கு அரை ஃபாரத்தின் காகிதம், பிளேட் (அச்சுத் தகடு), அச்சுக்கூலி மூன்றும் கூடும்.

80 பக்கமும் கவிதைக்குக் கிடைக்காது. தலைப்புப் பக்கங்கள், உரிமைப் பக்கம், சமர்ப்பணம், முன்னுரை, என்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து 10 முதல் 12 பக்கம் எடுத்துக்கொள்ளும். மீதி 68 பக்கத்தில், பக்கத்துக்கு 22 முதல் 24 வரி என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். 90 கவிதையைக் கொண்டுவந்து கொடுத்து “நீங்களே பாத்துக் குறைச்சுக்குங்க” என்று சொல்வது தேர்வு ஆகாது. வரிசை கவிஞருடையது. எது முதலில், எது கடைசியில் என்று எழுதிக் கொடுங்கள். எடிட்டர் அதிலிருந்து பேசத் தொடங்குவார்.

வரி முறிவை வாட்ஸ்அப்பிடம் விடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், இன்னும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். கவிதையில் வரி எங்கே முடிகிறது, பத்திக்கு நடுவே எங்கே வெற்றிடம் விழுகிறது என்பதும் கவிதைதான். அதைக் கவிஞர் பதிப்பகத்திடம் எழுத்தாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

இப்படி ஆறு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

பேருந்து திரும்பியது
கடைசி வளைவில்
நீ இறங்கவில்லை

மலை
இருந்த இடத்திலேயே
இருந்தது

கைபேசியில் எழுதுகிறவர் எண்டர் தட்டாமல் இடைவெளி மட்டும் விட்டுக்கொண்டே போகிறார். திரையின் ஓரம் வந்ததும் வரி தானாக மடங்கி, பார்வைக்குக் கவிதை போலவே நிற்கிறது. டிடிபி ஆபரேட்டர் (கணினியில் பக்கம் கட்டுபவர்) அதை எடுத்துக் கணினியில் ஒட்டினால் முதல் மூன்று வரியும் ஒரே நீட்டு வரியாகிவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. கவிஞர் மனதில் ஒரே வரியாக இருக்கும் நீளமான வரி சின்னத் திரையில் இரண்டாக மடங்கித் தெரியும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் மடங்கிய இடத்தில் எண்டர் தட்டிவிடுவார். இரண்டு விபத்திலும் எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் இவை படுவதில்லை.

அடுத்தது பக்க முடிவு. மேலே உள்ள கவிதையில் “நீ இறங்கவில்லை” பக்கத்தின் அடியில் வந்து, “மலை” அடுத்த பக்கத்தின் தலையில் ஏறினால், நடுவில் இருந்த வெற்றிடம் காணாமல் போகும். வாசகர் நிற்காமல் படித்துக்கொண்டே போவார். அந்த மௌனத்துக்காகத்தான் கவிஞர் அந்த இடைவெளியை விட்டிருப்பார்.

அச்சான பிறகு இதைக் கண்டுபிடித்தால் வழிகள் மூன்றுதான், மூன்றும் மோசமானவை. ஒரு பக்கம் தனியாக அச்சாவதில்லை. அது இருக்கும் ஃபாரம் முழுவதையும் திரும்ப ஓட்ட வேண்டும். பைண்டிங் முடிந்திருந்தால் 500 பிரதியிலும் அந்த ஒரு தாளை ஓரத்தில் விரற்கடை மிச்சம் விட்டு வெட்டி, புதிய தாளைக் கையால் ஒட்ட வேண்டும். அதுவும் இல்லையென்றால் பிழைதிருத்தச் சீட்டு. “பக்கம் 34, மூன்றாம் வரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுப் படிக்கவும்” என்ற சீட்டை வைத்துக்கொண்டு யாராவது கவிதை படிப்பார்களா?

செய்ய வேண்டியதெல்லாம் ஒரு மாலை நேர வேலைதான். கணினியில் யூனிகோடில் (எல்லாக் கணினியும் கைபேசியும் படிக்கும் பொது எழுத்து முறை) தட்டச்சு செய்யுங்கள். வரி முடிவில் ஒரு எண்டர், பத்தி முடிவில் இரண்டு. வரியை உள்தள்ள ஸ்பேஸ் தட்டாமல் டேப் தட்டுங்கள். எழுத்துரு மாறினால் ஸ்பேஸின் அகலமும் மாறிவிடும். பிறகு ஏ4 தாளில், தாளுக்கு ஒரு கவிதையாக அச்செடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் “6 வரி, 2 பத்தி” என்று எழுதிக் கோப்போடு கொடுங்கள். பக்கம் கட்டி முடித்ததும் ஆபரேட்டர் எண்ணிச் சரிபார்க்க அந்த ஒரு குறிப்பு போதும்.

டெம்மி பக்கத்தில் ஓரங்கள் போக வரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாலு அங்குலம். 11 பாயிண்டில் 30 முதல் 35 எழுத்து அடங்கும். அதைவிட நீண்ட வரி மடங்கத்தான் செய்யும். மடங்கும் மீதியை உள்தள்ளி வைத்தால், அது புது வரி இல்லை என்பது வாசகருக்குப் புரியும். இதைத் தொகுப்பு முழுவதும் ஒரே மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கக் கவிதைகளை இடப்பக்கத்தில் தொடங்க வையுங்கள். புத்தகத்தை விரித்தால் கவிதை முழுதும் ஒரே பார்வையில் இருக்கும். பக்கம் உடையும் இடம் ஒரு பத்தியின் நடுவில், மேலே இரண்டு வரி கீழே இரண்டு வரியாவது இருக்கும்படி அமைந்தால், இடைவெளி உண்டா இல்லையா என்ற சந்தேகமே எழாது. ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் இன்னொரு லாபமும் உண்டு: புரூஃபில் ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் பாதிப்பு பெரும்பாலும் அந்தக் கவிதையோடு நின்றுவிடும்.

கடைசிப் புரூஃபைக் கைபேசியில் பார்க்காதீர்கள். பிடிஎஃபை நூறு சதவீத அளவில், எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்து வரும்படி தாளில் எடுத்து, சத்தமாகப் படியுங்கள். எங்கே மூச்சு தவறான இடத்தில் நிற்கிறதோ அங்கே வரி தவறாக உடைந்திருக்கும்.

சந்தியையும் இங்கேயே சொல்லிவிடலாம். “மலையை” என்று வரி முடிந்து “பார்த்தேன்” என்று அடுத்த வரி தொடங்கினால், மெய்ப்பாளர் இலக்கணப்படி “மலையைப்” என்று ஒற்றுப் போடுவார். வரி முடிவில் நின்று படிக்க வேண்டும் என்று நினைக்கும் கவிஞருக்கு அந்த “ப்” தடுக்கும். இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. ஆனால் பக்கம் 12-இல் ஒற்று இருந்து பக்கம் 40-இல் இல்லாமல் போவதற்கு நியாயமே இல்லை. முதல் புரூஃபுக்கு முன்பே ஒரு முடிவெடுத்து எழுதிக் கொடுங்கள்.

பழைய எழுத்துரு

பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் இருக்கும் கவிதைகளை யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை அப்படியே நம்பக் கூடாது. “ஔ” என்ற ஓரெழுத்து “ஒ”, “ள” என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். துணைக்காலுக்குப் பதில் “ர” உட்கார்ந்திருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால், ஒவ்வொன்றையும் தேடித்தான் திருத்த வேண்டும்.

முன்னுரை

ஒருவரிடம் மட்டும், இரண்டு பக்கம், தேதி சொல்லிக் கேளுங்கள்.

அட்டைப் படம்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் முன்னட்டைக்குக் குறைந்தது 1650க்கு 2550 பிக்சல் வேண்டும். சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். ஏற்காட்டுப் பனிமூட்டப் படம் எல்லோருக்கும் ஆசை. திரையில் ஒளிரும் அந்த வெளிறிய சாம்பல், நான்கு வண்ண அச்சில் அழுக்காகவோ வெறும் வெள்ளையாகவோ போய்விடக்கூடும். முதலில் ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்துப் பாருங்கள்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தம்

தெரிந்தவர்தானே என்று எழுதாமல் விடுவது இரண்டு பக்கத்துக்கும் கேடு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா என்றும் கொள்ளப்படும். “எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே” என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சுப் புத்தகம், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ராயல்டி சதவீதம் அட்டை விலைக்கா, கழிவு போக வந்த தொகைக்கா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 120 ரூபாய்ப் புத்தகம் 500 விற்று அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் 6000 ரூபாய். கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்த பிறகு வரும் தொகையில் கணக்கிட்டால் அதுவே 3900.

அச்சுச் செலவில் கவிஞர் பங்கு போட்டிருந்தால், விற்காத பிரதிகள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

நான்கு பிரதி

நூலகங்களுக்குப் புத்தகம் வழங்குவது பற்றிய 1954 சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பதிப்பாளர் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். பிரதிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

விழாத் தேதி

பைண்டிங் முடிந்து புத்தகம் கைக்கு வந்த பிறகு அழைப்பிதழ் அடியுங்கள்.

ஏற்காட்டில் பெட்டி வைப்பது

சேலத்தில் நன்றாக இருந்த புத்தகம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மழைக்காலத்தில் மலைவீட்டில் இருந்தால் அட்டை வளைந்துகொள்ளும். லேமினேஷன் அட்டையின் வெளிப்பக்கத்தில் மட்டும் இருக்கிறது. உள்பக்கம் ஈரத்தை இழுத்து விரிகிறது, வெளிப்பக்கம் விரிவதில்லை. தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல், புத்தகங்களைப் படுக்கை வசமாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையோடு வையுங்கள். கேட்டவர்களுக்குக் கொடுக்க 50 பிரதி மேலே இருந்தால் போதும். மீதி சேலத்திலேயே இருக்கட்டும்.