'மோர் பெட்டர்' வேண்டாம்: ஆங்கிலத்தில் ஒப்பிட்டு எழுதும்போது வரும் தவறுகள்

'இது அதை விடப் பெரிய வீடு' என்று தமிழில் சொல்லும்போது 'பெரிய' மாறுவதில்லை. 'விட' வந்தாலே ஒப்பீடு ஆகிவிடும். ஆங்கிலத்தில் 'விட' என்ற பொருளில் வரும் 'தேன்' (than) மட்டும் போதாது, பண்பைக் குறிக்கும் சொல்லும் மாற வேண்டும். 'ஹி இஸ் ஸ்ட்ராங் தேன் மீ' என்று பலர் எழுதுவது இதனால்தான். அது 'ஸ்ட்ராங்கர்'. அப்புறம், அந்த 'தேன்' நடுவே 'ஏ' எழுத்துதான் வரும். 'ஈ' போட்டால் 'பிறகு' என்று அர்த்தம் மாறிவிடும்.

இன்னும் சிலர் இரண்டு மடங்காக மாற்றிவிடுகிறார்கள்: 'மோர் பெட்டர்', 'மோர் ஈஸியர்'. ஒன்று போதும். பொதுவாக ஓரசைச் சொற்களுக்கும் 'ஈஸி', 'ஹேப்பி' போன்றவற்றுக்கும் கடைசியில் 'அர்' சேரும். 'டிஃபிகல்ட்', 'பியூட்டிஃபுல்' மாதிரி நீளமானவற்றுக்கு முன்னால் 'மோர்' வரும். அழுத்திச் சொல்ல 'மச் பெட்டர்' எழுதலாம், 'வெரி பெட்டர்' கூடாது.

அலுவலக மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுவது 'சீனியர் தேன் மீ'. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன் வழி வந்தவை. இவற்றோடு 'டு'தான் சேரும்.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் வேறு. 'தி சேலரி ஆஃப் எ டீச்சர் இஸ் லோயர் தேன் எ டாக்டர்.' படித்தால் சரி போலத்தான் இருக்கும். ஆனால் இங்கே சம்பளத்தை ஒப்பிட்டிருப்பது இன்னொரு சம்பளத்தோடு அல்ல, ஒரு மனிதரோடு. பேச்சில் கேட்பவர் புரிந்துகொள்வார். எழுத்தில் 'தேன் தட் ஆஃப் எ டாக்டர்' என்றே எழுத வேண்டும். பன்மையானால் 'தோஸ் ஆஃப்'. ஒப்பிட்டு எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் 'தேன்' சொல்லுக்கு இரு பக்கமும் ஒரே வகைப் பொருள் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் பல பிழைகளைப் பிடித்துக் கொடுக்கும்.

'எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி மவுண்டன்' என்பதும் தவறு. எவரெஸ்டும் மலைதானே, தன்னை விடத் தானே எப்படி உயரமாக இருக்கும்? 'எனி அதர் மவுண்டன்' என்று எழுதி அதை விலக்க வேண்டும். ஆனால் 'எனி மவுண்டன் இன் ஆப்பிரிக்கா' என்றால் 'அதர்' தேவையில்லை. எவரெஸ்ட் அந்தக் கூட்டத்திலேயே இல்லை.