முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு முன் போடும் ஆன்டிபயாடிக் ஊசி: என்ன கேட்பது, என்ன சொல்வது

கிரானைட் குவாரி வேலை, ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிப் பெட்டி தூக்குவது, போதாக்குறைக்கு வருடக்கணக்கில் குடித்த ஃபுளோரைடு தண்ணீர் (அது எலும்போடு தசைநார்களையும் கெட்டியாக்கி, தண்டுவடம் போகும் வழியையே குறுக்கிவிடும்) என்று நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதுகு கெடக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஆபரேஷன் தேதி குறித்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "முடிஞ்சு எத்தனை நாளைக்கு மாத்திரை?" என்றுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, கத்தி வைப்பதற்கு முன் போடும் ஊசியைப் பற்றி.

பெரும்பாலும் சீழ் வைக்கக் காரணம் வெளியிலிருந்து வரும் கிருமி இல்லை, நம் தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ்தான். தோலை வெட்டும் நேரத்தில் மருந்து ரத்தத்திலும் சதையிலும் நிறைந்திருந்தால் அந்தக் கிருமி உள்ளே இறங்கினாலும் பிழைக்காது. அதனால் வழக்கமாகப் போடும் செஃபாசோலின் என்ற ஆன்டிபயாடிக்கை, வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போட வேண்டும். சின்னக் குப்பியில் வெள்ளைத் தூளாக இருக்கும். தண்ணீர் விட்டுக் கரைத்து, பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர்தான் தியேட்டரில் வைத்து நரம்பில் ஏற்றுவார். காலையில் வார்டிலேயே போட்டுவிட்டு, முந்தைய கேஸ் இழுத்ததால் மதியம் உள்ளே கூப்பிட்டால், அந்த ஊசியை நம்ப முடியாது. அப்படி நடந்தால் "காலைல போட்டது போதுமா, திரும்பப் போடுவீங்களா?" என்று நர்ஸிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த ஆபரேஷன் சரிபார்ப்புப் பட்டியலிலேயே இந்த 60 நிமிடக் கேள்வி இருக்கிறது.

பெரியவர்களுக்குப் பொதுவாக 2 கிராம், எடை 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். ஆகவே எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், படுத்த படுக்கையாக இருப்பவர் என்றாலும் எப்படியாவது எடை போடச் சொல்லுங்கள். ஸ்க்ரூ, ராடு வைக்கும் ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினாலோ, ரத்தம் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலோ நடுவில் இன்னொரு டோஸ் உண்டு. உலோகத்தில் கிருமி ஒட்டிவிட்டால் தன்மேல் ஒரு படலம் போர்த்திக்கொள்ளும், அப்புறம் மருந்து உள்ளே போகாது, மறுபடி திறந்து கழுவும் நிலை வரும்.

அடுத்தது அலர்ஜி. "பென்சிலின் ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால், செஃபாசோலினும் அதற்கு உறவுக்கார மருந்து என்பதால், அதை விட்டுவிட்டு வேன்கோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்குப் போய்விடுவார்கள். வேன்கோமைசினை மெதுவாக டிரிப்பில் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் மீது அதன் வேகமும் குறைவு. எனவே என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள்: வெறும் பேதியா, தடிப்பா, மூச்சுத் திணறலா, முகம் வீங்கியதா, எத்தனை வருடம் முன்பு? வயிறு கலங்கியதெல்லாம் அலர்ஜியே இல்லை. மூச்சுத் திணறல் வந்திருந்தால் மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்காதீர்கள்.

சுகரைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள், பீடி சிகரெட்டைக் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்துங்கள். காலில் ஆறாத புண், சொத்தைப் பல், நீர்க்கடுப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. முந்தின நாள் சோப்புப் போட்டுக் குளியுங்கள். முதுகு முடியைப் பிளேடால் வழிக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் கிருமிக்கு வாசல். தேவைப்பட்டால் அவர்களே கிளிப்பரில் வெட்டிக்கொள்வார்கள்.

இப்போது அந்த மாத்திரைக் கேள்வி. தையல் போட்ட பிறகு தடுப்பு மருந்துக்கு வேலை அநேகமாக முடிந்தது, இழுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் நிறுத்திவிடலாம். ரத்தம் வடியும் டியூப் இருப்பதாலேயே நீட்டிக்கத் தேவையில்லை. டிஸ்சார்ஜில் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தால், எதற்கு என்று மரியாதையாகக் கேளுங்கள், நிஜமாகவே ஒரு காரணம் இருக்கலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். சும்மா நீட்டினால் பேதியும், மருந்துக்கு மசியாத கிருமியும்தான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தபின் காயத்தில் மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். குறைந்திருந்த வலி இரண்டு மூன்று வாரத்தில் திரும்பக் கூடினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தையலில் சீழோ தெளிந்த தண்ணீரோ கசிந்தாலோ, மெடிக்கலில் சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாடிக் அட்டையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பாதி மருந்து உள்ளே போனபின் சீழைச் சோதித்தால் எந்தக் கிருமி என்றே பிடிபடாமல் போகலாம். ஆபரேஷன் பெங்களூரிலோ சேலத்திலோ நடந்திருந்தால், அந்த டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு அன்றைக்கே தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.